ஸ்விஃப்டுக்கு 16 இன்ச் அலாய்: லுக் சரி, ஓட்டம் என்ன ஆகும்?

கடலூர் மஞ்சக்குப்பமோ புதுச்சேரி நூறடி ரோடோ, டயர் கடை வாசலில் ஒரு ஸ்விஃப்ட் போய் நின்றால் காதில் விழும் முதல் வசனம் இதுதான்: "பதினாறு போட்டுடலாம் சார், வண்டி லுக்கே மாறிடும்." லுக் மாறும் என்பதில் பொய்யில்லை. மற்ற எதெல்லாம் மாறும் என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. அதனால்தான் இந்த அலசல்.

எடுத்துக்கொண்ட பொருள், வெளிச் சந்தையில் அதிகம் விற்கும் 16 இன்ச், 6.5 இன்ச் அகல காஸ்ட் (அச்சில் ஊற்றி வார்த்த) அலாய் செட். அதை ஸ்விஃப்டின் கம்பெனி 14 இன்ச் ஸ்டீல் ரிம்மோடும், மேல் வேரியன்ட்டில் வரும் 15 இன்ச் அலாயோடும் வைத்துப் பார்க்கிறோம். பிராண்ட் பெயர் சொல்லப்போவதில்லை. ஒரே டிசைன் பல பெயர்களில் கிடைக்கிறது. ரிம்மின் எடை, அகலம், ஆஃப்செட் (ரிம்மை வண்டியில் மாட்டும் முகம், ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது என்ற அளவு) இந்த மூன்றும் தெரிந்தால் பெயர் தெரியாமலேயே பாதித் தீர்ப்பு எழுதிவிடலாம்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறோம். 14 ஸ்டீலில் ஓடும் வண்டிக்கு 15 நல்ல மாற்றம். 16 போட்டே தீர வேண்டும் என்றால் டயர் 195/55 ஆர்16 ஆக இருக்கட்டும், ரிம் ஒன்றின் எடை எட்டரை கிலோவைத் தாண்ட வேண்டாம். கடையில் கையிருப்பு நிறைய இருக்கிறது என்பதற்காக 205/55 ஆர்16 தலையில் கட்டினால் வாங்காதீர்கள்.

முதலில் டேப் பிடிப்போம்

ரிம் 14-லிருந்து 16 ஆனால் சக்கரமே பெரிதாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ரோட்டைத் தொடுவது டயரின் வெளிவிளிம்பு. வண்டிக்குத் தெரிவதும் அந்த வெளிவிட்டம்தான்.

185/65 ஆர்15 டயரை எடுத்துக்கொள்ளுங்கள். அகலம் 185 மி.மீ. பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், அதாவது 120.25 மி.மீ. ரிம் 15 இன்ச், அதை 25.4-ஆல் பெருக்கினால் 381 மி.மீ. மேலே ஒரு பக்கச்சுவர், கீழே ஒன்று, மொத்தம் 621.5 மி.மீ. இதே கணக்கில் 165/80 ஆர்14 போட்டால் 619.6. 195/55 ஆர்16 போட்டால் 620.9. மூன்றுக்கும் இரண்டு மி.மீ. கூட வித்தியாசமில்லை. இது தற்செயல் இல்லை. ரிம் ஏற ஏறப் பக்கச்சுவரைக் குறைத்து, வெளிவிட்டத்தை நகராமல் வைக்கும் வழக்கம் அது. வீல் ஆர்ச்சில் தெரியும் இடைவெளியும் அப்படியேதான் இருக்கும். உள்ளே ரிம் பெரிதாகத் தெரிவதால் கண்ணுக்கு நிறைந்த மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது 205/55 ஆர்16. 631.9 மி.மீ. 15 இன்ச் கம்பெனி அளவைவிட 1.7 சதவீதம் பெரிது. கேட்க ஒன்றுமில்லாத எண் மாதிரி இருக்கும். ஆனால் அது எல்லா கியரையும் 1.7 சதவீதம் நீட்டிவிடுகிறது. எஞ்சின் கொடுக்கும் டார்க், அதாவது சுழற்றும் விசை, அதேதான். அது தள்ள வேண்டிய ஆரம் நீண்டுவிட்டது, ரோட்டில் கிடைக்கும் இழுவை அந்த அளவுக்குக் குறைகிறது. 112 நியூட்டன் மீட்டர் டார்க் உள்ள 1.2 லிட்டர் எஞ்சினில் இரண்டாவது கியரில் ஸ்பீட் பிரேக்கர் தாண்டி ஏறும்போது கொஞ்சம் மந்தமாகத் தெரிவது இதனால்தான். தானே கியர் மாற்றும் ஏஎம்டி வண்டியில் இன்னும் கூடுதலாக உறுத்தும்.

மைலேஜ் புகார்களில் பாதி இங்கேதான் பிறக்கிறது. டயர் பெரிதானால் ஓடோமீட்டர் குறைத்துக் காட்டும். மீட்டரில் 500 கி.மீ. காட்டும்போது வண்டி உண்மையில் 508 கி.மீ. ஓடியிருக்கும். டேங்க் நிரப்பி, மீட்டரை வைத்து வகுத்துப் பார்ப்பவருக்கு மைலேஜ் விழுந்த மாதிரிதான் தெரியும். ரிம் மாற்றிய பிறகு மைலேஜ் பார்க்க வேண்டுமென்றால் தூரத்தை ஜிபிஎஸ்ஸில் எடுங்கள். எதிர்த் திசையில் 195/50 ஆர்16 போட்டால் வெளிவிட்டம் 601 மி.மீ. ஆகிவிடும். இழுவை கூடும், மைலேஜ் கூடின மாதிரியும் மீட்டர் காட்டும். ஆனால் வண்டி பத்து மி.மீ. தாழ்ந்து, நெடுஞ்சாலையில் எஞ்சின் எப்போதும் மூன்று சதவீதம் அதிகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

எடை: சொல்வது ஒன்று, கணக்கு ஒன்று

"சக்கரத்தில் ஒரு கிலோ கூடினால் பாடியில் பத்து கிலோ கூடின மாதிரி" என்று கார் ஆர்வலர்கள் கூடும் இடமெல்லாம் சொல்வார்கள். வேகம் எடுப்பதைப் பொறுத்தவரை இது தப்பு. சக்கரம் முன்னால் நகரவும் வேண்டும், தன்னைத் தானே சுற்றவும் வேண்டும். அதனால் அதன் எடை எஞ்சினுக்கு உள்ளதைவிட அதிகமாகத் தெரிகிறது. ஆனால் எவ்வளவு அதிகமாக? எடை முழுவதும் ரோட்டைத் தொடும் ஓரத்தில் குவிந்திருந்தாலும் சரியாக இரண்டு மடங்கு. வட்டத் தட்டு மாதிரி சீராகப் பரவியிருந்தால் ஒன்றரை மடங்கு. எந்தக் கார் சக்கரமும் இரண்டைத் தாண்ட முடியாது.

பொதுவாக 14 இன்ச் ஸ்டீல் ரிம் ஏழு கிலோவைச் சுற்றி இருக்கும். வெளிச் சந்தை 16 காஸ்ட் அலாய் ஒன்பது, பத்துக்குப் போகும். டயரும் சேர்த்து மூலைக்கு மூன்று கிலோ கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாலுக்கும் 12 கிலோ. இரண்டு மடங்காகவே வைத்தாலும் எஞ்சினுக்கு 24 கிலோ. ஸ்விஃப்ட் ஏறக்குறைய 900 கிலோ. இரண்டு பேரும் சாமானும் சேர்ந்தால் 1,050 கிலோ. ஆக 2.3 சதவீதம். பூஜ்யத்திலிருந்து நூறு போக 12.5 விநாடி எடுக்கும் வண்டிக்கு 0.3 விநாடி கூடலாம். பின் சீட்டில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை ஏறி உட்கார்ந்த மாதிரி. இதோடு 205/55 டயரின் 1.7 சதவீத இழப்பும் சேர்ந்தால்தான் நாலு சதவீதமாகி, ஓட்டுபவர் காலுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

அப்படியானால் எடையைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாமா? கவலைப்பட வேண்டும், வேறு காரணத்துக்காக.

ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை வேறு, மேலே உட்கார்ந்திருக்கும் எடை வேறு. டயர், ரிம், ரிம் மாட்டும் நடுப்பகுதியான ஹப், பிரேக் எல்லாம் சேர்ந்து சின்ன காரில் முன் மூலைக்குச் சுமார் 35 கிலோ இருக்கும். அதில் மூன்று கிலோ கூட்டுவது ஒன்பது சதவீதம். மொத்த வண்டியோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லாத அந்த மூன்று கிலோ, ஷாக் அப்சார்பருக்குப் பெரிய பாரம். பள்ளத்தின் விளிம்பில் இடித்து மேலே எகிறிய சக்கரத்தை அடக்கி மறுபடி ரோட்டில் அமுக்குவது ஷாக்கின் வேலை. கம்பெனி அதை டியூன் செய்தது தன் 14, 15 இன்ச் சக்கரத்தின் எடைக்கு. கூடுதல் எடையோடு சக்கரம் தாமதமாக இறங்கும். அந்தக் கண நேரம் டயர் ரோட்டில் இல்லை, இருந்தாலும் அழுத்தமில்லை. அப்போது பிரேக் மிதித்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் முன்கூட்டியே உதற ஆரம்பிக்கும். சக்கரம் அந்தரத்தில் இருப்பதை வழுக்கல் என்று எடுத்துக்கொண்டு பிரேக்கைத் தளர்த்தும்.

புதிய நான்குவழிச் சாலையில் இது தெரியவே தெரியாது. கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம் வழியாகப் பண்ருட்டி போய்ப் பாருங்கள். கரும்பு டிராக்டர்கள் ஓடி ஓடி ஓரத் தார் பெயர்ந்த இடங்களில், எதிரே பஸ் வந்தால் இடப்பக்கச் சக்கரத்தை அந்த விளிம்பில்தான் இறக்கி ஏற்ற வேண்டும். பண்ருட்டி, வடலூர் பக்கம் பல வருடம் வேலை இழுத்த ரோட்டில் ஒட்டுப்போட்ட தாரும் அலைஅலையான மேடுபள்ளமும் பழகியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 15 இன்ச்சில் 'தொப்' என்று அமுங்கிப் போகும் இடம், கனமான 16-ல் 'டக்' என்று ஸ்டீயரிங் வரை வரும்.

இதில் பக்கச்சுவருக்கும் பங்கு உண்டு. 14-ல் 132 மி.மீ. இருந்த ரப்பர் 16-ல் 107 ஆகிவிட்டது. ஒரு இன்ச் மெத்தை போய்விட்டது. வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் மூடிய பள்ளத்தில் அறுபதில் இறங்கினால், பக்கச்சுவர் முழுக்க அமுங்கி ரிம்மின் உதடு ரோட்டில் இடிக்கும். ஸ்டீல் ரிம் வளையும். சுத்தியலால் தட்டி எடுத்துவிடலாம். காஸ்ட் அலாய் வளைந்தால் தப்பித்தோம். வெடித்தால் ரிம் போச்சு. ஆர்கான் வெல்டிங் போட்டுத் தருகிறேன் என்பார்கள். ஸ்போக்கிலோ டயர் உட்காரும் உதட்டிலோ விழுந்த விரிசலுக்கு வெல்டிங் போட்ட ரிம்மை ஓட்டாதீர்கள்.

ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். பலேனோவும் ஐ20-யும் மேல் வேரியன்ட்டில் 195/55 ஆர்16 போட்டே ஷோரூமிலிருந்து வருகின்றன. அங்கே ஷாக்கும் ஸ்பிரிங்கும் அந்த எடைக்கே செய்தவை. இங்கே சொல்லும் குறைகள் அந்த வண்டிகளுக்கு இந்த அளவுக்குப் பொருந்தாது.

வாங்கும் முன் தராசு

கடையில் "லைட் வெயிட் சார்" என்பது எல்லா ரிம்முக்கும் சொல்லும் வார்த்தை. லக்கேஜ் தூக்கிப் பார்க்கும் 50 கிலோ கொக்கித் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதைக் கையோடு கொண்டுபோய் டயர் ஏற்றாத ரிம்மை மாட்டிப் பாருங்கள். எடை போட மறுக்கும் கடையில் ரிம் வாங்கத் தேவையில்லை. டயரையும் எடை போடலாம். ஒரே அளவில் பிராண்டுக்குப் பிராண்ட் ஒன்று, ஒன்றரை கிலோ மாறும், அந்த எடை முழுவதும் வெளி ஓரத்தில் இருப்பதால் ரிம்மின் எடையைவிட அதிகமாகக் கணக்கில் வரும்.

எடை எப்படிக் குறைகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண காஸ்ட் ரிம்மில் உருக்கிய அலுமினியத்தை அச்சில் ஊற்றி எடுக்கிறார்கள். பலம் வேண்டி எங்கும் தடிமனாக விடுகிறார்கள். ஃப்ளோ ஃபார்மிங்கில் ஊற்றிய ரிம்மைச் சூடாக வைத்துச் சுழற்றி, உருளைகளால் அமுக்கி, டயர் உட்காரும் வட்டத்தை மெல்லியதாக இழுக்கிறார்கள். உலோகம் இறுகுகிறது, எடை குறைவதும் ஓரத்தில்தான். அதனால் பலன் இரட்டிப்பு. அலுமினியத்தை அழுத்தி அடித்து உருவாக்கும் ஃபோர்ஜ்டு அதற்கும் மேலே, விலையும் அப்படியே. ஜப்பானின் ரேஸ் நிறுவனம் 1996-ல் கொண்டுவந்த டிஇ37 ரிம்மின் பெயரில் இருக்கும் 37, அதன் 15 இன்ச் அளவின் 3.7 கிலோ எடையைக் குறிப்பது. பத்து கிலோ அலாயைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணின் அருமை புரியும்.

நம்மூர்ச் சந்தையில் ஃப்ளோ ஃபார்மிங் 15 இன்ச் ஆறு, ஆறரை கிலோவில் கிடைக்கிறது. ஸ்விஃப்டை ரசித்து ஓட்டுபவருக்கு 16 காஸ்டைவிட இதுதான் எங்கள் தேர்வு. 185/65-ஓ 195/60-ஓ போடலாம். 195/60 ஆர்15-இன் வெளிவிட்டம் 615 மி.மீ., ஒரு சதவீதம் சின்னது. இழுவையில் அந்த ஒரு சதவீதம் நமக்கு லாபம்.

மாட்டும்போது கெடும் இடங்கள்

நல்ல ரிம்மையும் கெடுப்பது ஃபிட்டிங்தான். நான்கு ஓட்டை, 100 மி.மீ. வட்டம் என்பது பொருந்தினால் போதும் என்று மாட்டிவிடுவார்கள். ஆஃப்செட்டைப் பார்ப்பதில்லை. கம்பெனி ரிம் 5.5 இன்ச் அகலம், ஆஃப்செட் 45 என்று வையுங்கள். புதியது 6.5 இன்ச், ஆஃப்செட் 38. அகலத்தில் கூடிய ஒரு இன்ச்சில் பாதி, 12.7 மி.மீ. வெளியே போகும், ஆஃப்செட் வித்தியாசம் 7 மி.மீ.யும் வெளியேதான். ரிம்மின் வெளி ஓரம் கிட்டத்தட்ட 20 மி.மீ. தள்ளி நிற்கும், உள் ஓரம் ஷாக் பக்கம் 5.7 மி.மீ. நெருங்கும். பின்னால் மூன்று பேரை உட்காரவைத்து ஒரு ஸ்பீட் பிரேக்கர் ஏற்றி இறக்கிப் பார்த்தால் ஃபெண்டர் உதட்டில் உரசுகிறதா என்று தெரிந்துவிடும். உரசாவிட்டாலும் பேரிங்குக்கு நெம்புகோல் நீண்டுவிட்டது, பள்ளத்தில் ஸ்டீயரிங் கையை இழுக்கும், மழையில் கதவெல்லாம் சேறு. ஆஃப்செட் எண் ஸ்போக்கின் பின்பக்கத்தில் ஈடி என்ற எழுத்துகளோடு அச்சாகியிருக்கும். மாட்டும் முன் ரிம்மை நிற்க வைத்துப் படியுங்கள். ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே ஸ்பேசர் தட்டு போட்டுச் சரிசெய்யலாம் என்பவரிடம் கும்பிடு போட்டுவிடுங்கள்.

அடுத்து ஹப் ஓட்டை. ஸ்விஃப்டின் ஹப் 54.1 மி.மீ. வெளிச் சந்தை ரிம்கள் எல்லா வண்டிக்கும் பொருந்த வேண்டி 67.1 அல்லது 73.1 மி.மீ. ஓட்டையோடு வருகின்றன. நடுவில் இருக்கும் இடைவெளியை அடைக்க ஒரு வளையம் வேண்டும். கிட்டத்தட்ட யாரும் கேட்பதில்லை, கடையும் கொடுப்பதில்லை. கூம்பு வடிவ நட்டு கவனமாக ஏற்றினால் ரிம்மை நடுவுக்குக் கொண்டுவரும்தான். ஜாக்கியில் தொங்கும்போது ஒரு நட்டை மட்டும் நட்டு இறுக்கும் கன்னில் முழுக்க ஏற்றிவிட்டால் ரிம் அரை மி.மீ. ஒதுங்கி உட்கார்ந்துவிடும். டயரோடு 17 கிலோ உள்ள சக்கரம் அரை மி.மீ. ஒதுங்கினால், ரிம் ஓரத்தில் 40 கிராமுக்கு மேல் பேலன்ஸிங் வெயிட் தவறிய மாதிரி. பேலன்ஸிங் மிஷின் கூம்பை வைத்து நடுப்பிடித்துச் சுற்றுவதால் அங்கே ஜீரோ காட்டும். ரோட்டில் நடுங்கும். மறுபடி பேலன்ஸிங், மறுபடி ஜீரோ, மறுபடி நடுக்கம், கடைசியில் டயர் மேல் பழி. அலுமினிய வளையம் நாலு வாங்கி மாட்டினால் முடிந்துபோகிற விஷயம்.

நடுக்கம் ஏன் குறிப்பாக எண்பதுக்கும் நூறுக்கும் நடுவில் வருகிறது? நூறில் இந்தச் சக்கரம் விநாடிக்குச் சுமார் 14 முறை சுற்றுகிறது. சக்கரமும் சஸ்பென்ஷனும் இயல்பாகக் குதிக்கும் வேகமும் விநாடிக்கு 12-க்குப் பக்கம். இரண்டும் ஒத்துப்போகிற இடத்தில் ஸ்டீயரிங் உதறும், தாண்டிவிட்டால் அடங்கும். வெயிட் 20 கிராம் குறைந்தாலே நூறில் மூன்று கிலோ விசை அந்த வேகத்தில் மாறி மாறி இழுக்கும். அலாயில் வெயிட் ஒட்டுகிற வகை. ஒட்டும் இடத்தைத் துணியால் துடைத்து, பெட்ரோலில் எண்ணெய்ப் பிசுக்கு எடுத்துக் காயவிட்ட பிறகுதான் ஒட்ட வேண்டும். தூசி மேல் ஒட்டியது முதல் வாட்டர் வாஷில் போய்விடும்.

நட்டுக்கு வருவோம். சுசூகியில் போல்ட் எம்12 (12 மி.மீ. தடிமன்), இழை இடைவெளி 1.25 மி.மீ. ஹூண்டாய், ஹோண்டா, டொயோட்டா கார்களில் எம்12, 1.5. கடை டப்பாவில் இரண்டும் கலந்து கிடக்கும். தவறான நட்டு கையால் ஒரு சுற்று, இரண்டு சுற்று போய்த் திணறும். கன் வைத்தால் இழையை மென்றுகொண்டு உள்ளே போய்விடும். எல்லா நட்டையும் கையாலேயே ஏற்றச் சொல்லுங்கள், எண்ணுங்கள். ஸ்விஃப்டில் குறைந்தது ஒன்பது, பத்து முழுச் சுற்று பிடிக்க வேண்டும். அலாயின் தடிமனால் அதற்குக் குறைவாகப் பிடித்தால் நீளக் கழுத்து நட்டு வேண்டும். உட்காரும் வடிவமும் முக்கியம். ஹோண்டாவின் கம்பெனி நட்டு உருண்டை அடி. வெளிச் சந்தை அலாய் பெரும்பாலும் கூம்பு அடி. ஒன்றுக்கு ஒன்று போட்டால் ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும், ஓட ஓடத் தளரும்.

இறுக்க வேண்டிய டார்க் வண்டியின் மேனுவலில் இருக்கிறது. சுசூகி சின்ன கார்களுக்கு 85 முதல் 100 நியூட்டன் மீட்டர். எதிரெதிர் நட்டாக, முதல் சுற்றில் பாதி, வண்டியை இறக்கியதும் டார்க் ரெஞ்சில் முழுமையாக. கன்னிலேயே முடித்தால் ஒன்றில் இருமடங்கு, இன்னொன்றில் பாதி என்று போகும். அதன் விளைவு சில மாதம் கழித்து பிரேக் மிதிக்கும்போது பெடலில் துடிப்பாகத் தெரியும், டிஸ்க் கோணிக்கொள்கிறது. புது ரிம் போட்டு 50, 100 கி.மீ. ஓடியதும் மறுபடி டார்க் பார்ப்பது கட்டாயம். பெயிண்ட் நசுங்கி நட்டு கொஞ்சம் இளகியிருக்கும்.

உப்புக் காற்று

கடலில்லாத ஊர்க்காரர்கள் எழுதும் விமர்சனங்களில் இது இருக்காது. தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம், காலாப்பட்டு என்று கடலை ஒட்டி வண்டி நிற்கும் வீடுகளில் அலாய்க்கு ஆயுள் வேறு. டைமண்ட் கட் என்று முகத்தைச் சீவிப் பளபளப்பாக்கிய ரிம்தான் முதலில் போகும். சின்னக் கல் பட்டு மேல் கோட்டில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் போதும். உப்பு உள்ளே நுழைந்து, கண்ணாடிக் கோட்டுக்கு அடியில் வெள்ளைப் புழு ஊர்ந்த தடம் மாதிரி அரிப்பு பரவும். முழுக்கப் பெயிண்ட் அடித்த ரிம் இவ்வளவு சீக்கிரம் கெடாது. கடலோர வீடென்றால் டைமண்ட் கட் வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாத அரிப்பு இன்னொன்று. பஞ்சர் இல்லாமலே வாரத்துக்கு மூன்று, நாலு பிஎஸ்ஐ காற்று இறங்குகிறதா? டயரைக் கழற்றினால் ரிம்மின் உள் உதட்டைச் சுற்றி, டயர் உட்காரும் பட்டையில், சுண்ணாம்புத் தூள் மாதிரி வெள்ளையாகப் பூத்திருக்கும். விரலால் தடவினால் சொரசொரப்பு. அந்தச் சொரசொரப்பின் இடுக்கில்தான் காற்று கசிகிறது. மெல்லிய எமரித் தாளால் வழவழப்பாகும் வரை தேய்த்து, துடைத்து, டயர் ஓரத்தில் கசிவை அடைக்கும் பீட் சீலர் பசையைத் தடவி டயரை ஏற்றினால் நிற்கும். வால்வை மாற்றிக்கொண்டே இருப்பதால் நிற்காது. பீச்சுக்குப் போய்வந்தால் ரிம்மின் உள்பக்கத்தை நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஆசிட் கலந்த கிளீனரைப் பக்கத்தில் விடாதீர்கள். ஹப்பின் நடு வளையத்தில் மட்டும் மெல்லியதாக ஆன்டி சீஸ் பேஸ்ட் தடவினால், இரும்பும் அலுமினியமும் ஒட்டிக்கொண்டு ரிம் வராமல் உதைத்துக் கழற்றும் நிலை வராது. போல்ட் இழையில் தடவக் கூடாது. டார்க் கணக்கே மாறிவிடும்.

காசும் காகிதமும்

காஸ்ட் 16 செட் முப்பதாயிரத்தைச் சுற்றி ஆரம்பிக்கிறது. அதோடு நாலு 195/55 டயர். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ரிம்முக்கு அள்ளிக்கொடுத்துவிட்டு, டயரில் மிச்சம் பிடிக்க ஏதோ பெயர் தெரியாத ரகத்தைப் போடுகிறார்கள். பிடிமானம் டயரின் ரப்பரில்தான் இருக்கிறது, ரிம்மில் இல்லை. மழை ரோட்டில் அகலம் கூடிய, தரம் குறைந்த டயர், ஒல்லியான நல்ல டயரைவிட முன்னதாகத் தண்ணீர் மேல் மிதக்கும். கம்பெனி 15 ரிம்மையே வைத்துக்கொண்டு அந்தக் காசில் முதல்தர டயர் நாலு போட்டால் ஸ்விஃப்டின் பிரேக்கிங்கும் வளைவில் பிடியும் எந்த 16 அலாயும் தராத அளவுக்கு மாறும்.

டயர் வாங்கும்போது பக்கச்சுவரில் நாலு எண் உள்ள தேதியைப் பாருங்கள். 2325 என்றால் 2025-ஆம் வருடம் 23-ஆவது வாரம். லோடு இண்டெக்ஸ் 88 என்றால் டயருக்கு 560 கிலோ, 87 என்றால் 545, 84 என்றால் 500. கம்பெனி டயரில் உள்ள எண்ணைவிட இறங்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பழைய ஸ்டாக் என்று சொல்லிப் பழைய வரியைப் போட்டால் பில்லைத் திருப்பிக் கொடுங்கள். ரிம்மின் உள்பக்கம் ஜேடபிள்யூஎல், விஐஏ என்ற ஜப்பானியத் தர முத்திரையும் எவ்வளவு கிலோ தாங்கும் என்ற எண்ணும் அச்சில் வந்திருக்க வேண்டும். ஸ்டிக்கர் கணக்கில் வராது.

சட்டப்படி, மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு வண்டியின் மூல அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற விடுவதில்லை. உங்கள் மாடலின் மேல் வேரியன்ட்டில் கம்பெனியே கொடுக்கும் அளவுக்கு மாறுவதுதான் தலைவலி இல்லாத வழி, ஸ்விஃப்டுக்கு அது 15. இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது அலாயை பில்லோடு காட்டிக் கூடுதல் உதிரியாகப் பாலிசியில் சேருங்கள். சொல்லாமல் விட்டால் கிளெய்மில் அந்த ரிம்மின் விலை வராது, சில சமயம் பேச்சே வேறு பக்கம் போகும்.

பழைய கம்பெனி 15 செட் வாங்குவது இந்தச் சந்தையின் நல்ல பேரம். 16-க்கு மாறியவர்கள் விட்டுப்போனவை டயர் கடைகளில் அடுக்கிக் கிடக்கும். ஹப் ஓட்டை, ஆஃப்செட், நட்டு எதுவும் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. எல்லாம் வண்டிக்கே பிறந்தது. டயரில்லாத ரிம்மை பேலன்ஸிங் மிஷினில் ஏற்றிச் சுற்றவிட்டு, ஓரத்துக்கு நேராக ஒரு பேனாவை அசையாமல் பிடியுங்கள். இடைவெளி திறந்து மூடினால் பெண்ட். உள்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால் வெல்டிங் தடத்தில் பெயிண்டின் நிறம் வேறாக இருக்கும்.

16 போட்டுவிட்டவர்களுக்கு: காற்று காலையில், வண்டி ஓடும் முன் பாருங்கள், கதவோர ஸ்டிக்கரில் உள்ளதைவிட ஒன்றிரண்டு பிஎஸ்ஐ கூட வையுங்கள். சித்திரை வெயிலில் ஐந்தாறு டிகிரி சூடு ஏறினாலே ஒரு பிஎஸ்ஐ ஏறிக்காட்டும், அதை இறக்கிவிடாதீர்கள். ஸ்டெப்னியாக 165/80 ஆர்14 ஸ்டீல் இருந்தால் அப்படியே வைத்துக்கொள்ளலாம், வெளிவிட்டம் ஒன்றுதான். புது நட்டு நீளக் கழுத்தாக இருந்தால் ஸ்டீல் ரிம்மில் சரியாக உட்காராது. அதனால் பழைய கம்பெனி நட்டு நாலை ஒரு பையில் கட்டி ஜாக்கியோடு போட்டுவையுங்கள், திருட்டைத் தடுக்கும் பூட்டு நட்டு போட்டிருந்தால் அதன் சாவியையும் சேர்த்து.